தோள்வலியைக் கேள்விகளால் அளக்கலாமா?

1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 34 சதவீதம் பேருக்குத் தோள்மூட்டைச் சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் தசைநாண்களில் கிழிசல் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் அது 54 சதவீதம். அந்த வயதினரில் பாதிப் பேருக்கு மேல் கிழிந்த தசைநாணோடு, அது தெரியாமலேயே, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். இதற்கு எதிரான அனுபவமும் எலும்பு மருத்துவர்களுக்கு உண்டு. படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நோயாளியோ ராத்திரியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் விடியும்வரை விழித்திருப்பார்.

தோள்வலிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் படம் தசைநாணைக் காட்டும், வலியைக் காட்டாது. கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று கோணமானியை வைத்து அளக்கலாம். ஆனால் அந்தக் கையால் தலை வாரிக்கொள்ள முடிகிறதா, சட்டை போட முடிகிறதா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அதனால்தான் இன்று பெரிய மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவுகளிலும் நோயாளியின் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுக்கிறார்கள். அவர் குறித்துத் தரும் எண்களைக் கூட்டி, வகுத்து, ஒரு மதிப்பெண்ணாக்குகிறார்கள். அறுவை சிகிச்சை பலன் தந்ததா, ஊசி போட்டது உதவியதா, உடற்பயிற்சியே போதுமா என்பதையெல்லாம் அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் உலகெங்கும் தீர்மானிக்கிறார்கள்.

அப்படியானால் அந்தத் தாளும் ஓர் அளவுக்கருவிதான். ரத்த அழுத்தமானியைச் சரிபார்ப்பதுபோல அதையும் சரிபார்த்தாக வேண்டும். எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

காட்மன் தொடங்கிவைத்த கணக்கு

சிகிச்சைக்குப் பிறகு நோயாளி என்ன ஆனார் என்று முறையாகக் கேட்டு எழுதிவைக்கும் வழக்கத்துக்கு முன்னோடி, ஒரு தோள்மூட்டு மருத்துவர். பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமோரி காட்மன். தோள் இறுகிப்போகும் நோய்க்கு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று இன்று எல்லோரும் சொல்லும் பெயரை 1934-இல் எழுதிய தோள் பற்றிய நூலில் வழங்கியவர் அவரே. அதற்கு வெகுகாலம் முன்பே, ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வேண்டும், என்ன சிகிச்சை தந்தோம், ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று அதில் எழுத வேண்டும், முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று அவர் வாதாடினார். சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1911-இல் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கி, 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கையும் வெளியிட்டார். அதில் 123 பிழைகளை அவரே பதிவுசெய்திருந்தார்.

காட்மன் கேட்டது முடிவு என்ன என்பதை. அந்த முடிவை மருத்துவரின் கண்ணால் பார்ப்பதா, நோயாளியின் வாயால் கேட்பதா என்ற கேள்வி பிறகு வந்தது. 1987-இல் கான்ஸ்டன்ட், மர்லி இருவரும் வெளியிட்ட தோள் மதிப்பீடு இரண்டையும் கலந்தது. நூறு மதிப்பெண்ணில் வலிக்கும் அன்றாட வேலைகளுக்கும் சேர்த்து 35, மருத்துவர் அளக்கும் அசைவுக்கும் வலிமைக்கும் சேர்த்து 65. நோயாளியின் பதில்களை மட்டுமே வைத்து மதிப்பெண் போடும் தாள்கள் 1990-களில் அடுத்தடுத்து வந்தன. 1991-இல் ‘ஸ்பாடி’ வந்தது. 1996-இல் தோள், புயம், கை மூன்றுக்கும் பொதுவான ‘டேஷ்’, அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபர்ட் தோள் மதிப்பெண். பிறகு எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது.

பதின்மூன்று கேள்விகள்

ஸ்பாடி தாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதில் 13 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் தர வேண்டும்.

முதல் ஐந்து, வலியைப் பற்றியவை: வலி மிக மோசமாக இருந்தபோது எவ்வளவு, வலிக்கும் பக்கம் படுத்தால் எவ்வளவு, உயரத் தட்டில் இருப்பதை எட்டி எடுக்கும்போது, பிடரியைத் தொடும்போது, அந்தக் கையால் எதையாவது தள்ளும்போது எவ்வளவு. அடுத்த எட்டு, வேலைகளைப் பற்றியவை: தலைக்குக் குளிப்பது, முதுகு தேய்ப்பது, பனியன் போடுவது, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுவது, பேன்ட் போடுவது, உயரத் தட்டில் பொருள் வைப்பது, பத்து பவுண்டு, அதாவது சுமார் நாலரைக் கிலோ எடையைத் தூக்கிச் செல்வது, பேன்ட்டின் பின்பாக்கெட்டிலிருந்து எதையாவது எடுப்பது.

ஒரு நோயாளி முதல் ஐந்துக்கு 8, 9, 7, 5, 6 என்று தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 35, ஐம்பதுக்கு 35 என்றால் நூற்றுக்கு 70. அடுத்த எட்டுக்கு 5, 8, 7, 4, 3, 8, 5, 4. கூட்டினால் 44, எண்பதுக்கு 44 என்றால் நூற்றுக்கு 55. இரண்டின் சராசரி 62.5. இதுதான் அவருடைய மதிப்பெண். எண் கூடக்கூட நிலைமை மோசம்.

மூன்று நான்கு நிமிட வேலை. ஆனால் இந்த 62.5-ஐ நம்பலாமா என்று சொல்ல, ஆய்வாளர்கள் பல வருடம் உழைக்க வேண்டியிருக்கிறது.

கேள்விகளை எழுதியது யார்?

முதல் சோதனை இதுதான். நோயாளிக்கு எது முக்கியமோ அது தாளில் இருக்கிறதா? தேவையில்லாதது நுழைந்திருக்கிறதா? கேட்டது அவருக்குப் புரிகிறதா? உள்ளடக்கத்தின் தகுதி என்று இதைச் சொல்கிறார்கள்.

ஸ்பாடியின் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தது வாதநோய் மருத்துவர்களும் ஒரு பிசியோதெரபிஸ்டும் கொண்ட குழு. பிறகு 37 நோயாளிகளிடம் சோதித்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஃப்ரோசன் ஷோல்டர் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பதை நினைத்தால் இந்தக் குறை எவ்வளவு பெரிது என்று விளங்கும். பின்பாக்கெட் கேள்வி தாளில் இடம்பிடித்ததும், முதுகுப்பக்கம் உள்ளாடைக் கொக்கி மாட்டும் வேலை இடம்பெறாததும் அந்த அறையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைக் காட்டுகின்றன. பின்னால் வந்த பல ஆய்வுகள் பெண்களையும் சேர்த்து ஸ்பாடியைச் சோதித்துவிட்டன. ஆனால் கேள்விகள் அவையேதான்.

டேஷ் குழுவினர் வேறு வழியில் போனார்கள். ஏற்கனவே இருந்த அளவுகோல்களிலிருந்து 821 கேள்விகளைத் திரட்டி, 78-ஆகக் குறைத்து, கடைசியில் 30-இல் நிறுத்தினார்கள். அவற்றில் வேலைகளைப் பற்றியவை, ஒரு வேலையை எந்தக் கையால் செய்தாலும் செய்ய முடிகிறதா என்றுதான் கேட்கின்றன. மொத்த ஆளின் திறனை அறிய இது நல்லது. ஆனால் வலக்கைப் பழக்கமுள்ள ஒருவரின் இடது தோள் முழுக்க இறுகிப்போயிருந்தால், அவர் பல வேலைகளை வலக்கையால் சமாளித்துவிடுவார். அந்தத் தோளின் நிலைமை மதிப்பெண்ணில் மங்கிவிடும்.

ஆக்ஸ்ஃபர்ட் குழு நோயாளிகளிடம் பேசிக் கேள்விகளை உருவாக்கியது. அதனால் ராத்திரிப் படுக்கையில் வரும் வலி, சாப்பாட்டுத் தட்டு வைத்த ட்ரேயை அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோவது என்று வாழ்க்கைக்கு நெருங்கிய 12 கேள்விகள் கிடைத்தன. அதில் ஒன்று, கத்தியையும் முள்கரண்டியையும் ஒரே நேரத்தில் பிடித்துச் சாப்பிட முடிகிறதா என்பது. ஆக்ஸ்ஃபர்டில் அது தினம் மூன்று வேளைக் கேள்வி. கையால் பிசைந்து சாப்பிடும் ஒருவருக்கு அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. நோயாளிகளைக் கேட்டு எழுதிய நல்ல தாளுக்குக்கூட ஊர் உண்டு.

எனக்கு இந்த முதல் சோதனைதான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது. இதில் தவறிய தாளை எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. கேட்காத கேள்விக்கு எந்தக் கணக்கும் பதில் தராது.

இரண்டு முறை கேட்டால் ஒரே பதிலா?

அடுத்தது நம்பகத்தன்மை. நிலைமை மாறாத நோயாளியிடம் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை தாளைக் கொடுத்தால், மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். இடைவெளி ரொம்பக் குறைந்தால் முந்தின பதில் நினைவில் இருக்கும். ரொம்பக் கூடினால் வலியே மாறிவிடும். ஒன்றிரண்டு வாரம் விடுவது வழக்கம்.

இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரையிலான ஒரு கெழுவால் சொல்வார்கள். குழுக்களை ஒப்பிட 0.70-க்குக் குறையக் கூடாது என்பது பரவலான விதி. ஸ்பாடியின் முதல் ஆய்வில் இது 0.65 அளவில்தான் இருந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகளில் 0.89-உம் அதற்கு மேலும் கிடைத்தது. ஒரே கருவிக்கு ஏன் இந்த வித்தியாசம்? நம்பகத்தன்மை தாளில் மட்டும் குடியிருப்பதில்லை. யாரிடம் கேட்கிறோம், எத்தனை பேரிடம் கேட்கிறோம், அவர்களுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரே மாதிரி வலியுள்ள 37 பேரைவிட, லேசான வலி முதல் கடும் வலி வரை பலதரப்பட்ட 200 பேரிடம் கெழு உயர்ந்து நிற்கும்.

கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதும் ஒரு சோதனை. 1951-இல் லீ கிரான்பாக் விளக்கிய ஆல்ஃபா என்ற கெழு இதற்குப் பயன்படுகிறது. 0.70-க்குக் கீழே போனால் கேள்விகள் ஆளுக்கொரு திசையில் இழுக்கின்றன என்று பொருள். 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்று சந்தேகப்பட வேண்டும். உயரத் தட்டிலிருந்து எடுப்பதும், உயரத் தட்டில் வைப்பதும் என்று ஸ்பாடியில் இரண்டு இருப்பதை மேலே பார்த்தோம். ஆல்ஃபா கூடுதலாக இருப்பதை மட்டும் சொல்லி ஒரு தாளைப் பாராட்டும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அது போதவே போதாது. ஸ்பாடியில் வலிக்கு ஒரு மதிப்பெண், செயலுக்கு ஒரு மதிப்பெண் என்று பிரிப்பது எல்லா ஆய்வுகளிலும் உறுதிப்படவில்லை. ஆல்ஃபா அதைக் காட்டிக்கொடுக்காது.

12.5 புள்ளி குறைந்தால் குணமா?

நம் நோயாளி ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு வருகிறார். மதிப்பெண் 62.5-இலிருந்து 50-க்கு இறங்கியிருக்கிறது. 12.5 குறைவு. மகிழ்ச்சி அடையலாமா?

இங்கே இரண்டு எல்லைகள் இருக்கின்றன. முதலாவது, நோயாளியின் மனதுக்கு “பரவாயில்லை, கொஞ்சம் தேவலை” என்று படும் மிகச் சிறிய மாற்றம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989-இல் இந்தக் கருத்தை வகுத்தார்கள். ஸ்பாடிக்கு இது 8 முதல் 13 புள்ளி வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டாவது, அளவீட்டின் சொந்தத் தடுமாற்றத்தைத் தாண்டி, மாற்றம் உண்மைதான் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய மிகச் சிறிய அளவு. ஸ்பாடிக்கு அது சுமார் 18 புள்ளி.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நோயாளி உணரும் மாற்றம் 8-இலேயே தொடங்கிவிடுகிறது. கருவியோ 18-க்குக் கீழே உறுதியாகப் பேச மாட்டேன் என்கிறது. நம் நோயாளியின் 12.5 இடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர் “தேவலை” என்று சொன்னால் அதை நம்ப வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. நூறு பேரின் சராசரி 12.5 இறங்கினால் கதை வேறு. தனித்தனி ஆட்களின் ஏற்ற இறக்கங்கள் சராசரியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மாற்றம் தெளிவாகத் தெரியும். ஆய்வுக்குப் பொருத்தமான தாள் தனி நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிக்கப் போதாமல் போவது இதனால்தான். ஆய்வுக்கட்டுரையில் படித்த 8 புள்ளியை ஒரு மருத்துவர் தன் எதிரே இருக்கும் ஒருவருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது, சிகிச்சையை நிறுத்துவது அல்லது மாற்றுவது வரை கொண்டுபோய்விடும்.

ஒரே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் முள் சிக்கிய தராசு எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் தரும். அதனால் நோயாளி மாறும்போது தாளும் மாறுகிறதா என்று தனியே சோதிக்க வேண்டும். “நன்றாகக் குறைந்துவிட்டது” என்பவர்களையும் “அப்படியேதான் இருக்கிறது” என்பவர்களையும் அதன் மதிப்பெண் மாற்றம் பிரித்துக் காட்ட வேண்டும். பதில் சொல்பவர்களில் 15 சதவீதத்துக்கு மேல் மிக நல்ல எண்ணிலோ மிக மோசமான எண்ணிலோ குவிந்துவிட்டால், அதற்கு மேல் அவர்கள் முன்னேறினாலும் பின்தங்கினாலும் தாளுக்குத் தெரியாது. கிரிக்கெட் ஆடும் இளைஞனிடம் சட்டைப் பட்டன் போட முடிகிறதா என்று கேட்டு என்ன பயன்? முதல் நாளே முடியும் என்பான். பந்து வீச முடியவில்லை என்பதுதான் அவன் குறை.

அளப்பது தோள்வலியைத்தானா?

வெப்பமானியைச் சரிபார்க்கக் கொதிக்கும் நீர் இருக்கிறது. தோள்வலியைச் சரிபார்க்க அப்படி ஓர் உறுதியான அடையாளம் இல்லை. ஆய்வாளர்கள் வேறு வழி செய்கிறார்கள். தாளைக் கொடுப்பதற்கு முன்பே சில எதிர்பார்ப்புகளை எழுதிவைக்கிறார்கள். கை குறைவாக உயர்பவர்களுக்கு ஸ்பாடி மதிப்பெண் கூட வேண்டும். டேஷ் மதிப்பெண்ணோடு அது நெருங்கிப் போக வேண்டும். மனநலத்தை அளக்கும் தாளோடு அவ்வளவு நெருங்கக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை பலித்தால் தாள் தேறுகிறது. எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதுவது அவசியம். முடிவு தெரிந்த பிறகு விளக்கம் சொல்வது எந்தத் தாளுக்கும் சுலபம்.

இத்தனை சோதனைகளையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது ‘காஸ்மின்’ என்ற முயற்சி. ஆம்ஸ்டர்டாமை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள், பல நாட்டு நிபுணர்கள் 43 பேரிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு, 2010-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டார்கள். ஒரு கேள்வித்தாள் நல்லதா என்பதோடு, அதை நல்லது என்று சொன்ன ஆய்வு ஒழுங்காக நடந்ததா என்றும் அது கேட்கிறது. ஒவ்வொரு பண்பிலும் ஆய்வின் மிகப் பலவீனமான அம்சம் எதுவோ அதுவே அந்த ஆய்வின் தரம் என்பது அதன் கண்டிப்பான விதி. பத்து விஷயத்தைச் சரியாகச் செய்து, பதினொன்றாவதில் கோட்டை விட்டால் அந்த ஆய்வு தேறாது. 2018-இல் வந்த திருத்தத்தில் உள்ளடக்கத்தின் தகுதியே முதன்மையானது என்று அறிவித்து, நோயாளிகளிடம் கேட்டார்களா என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

காஸ்மினுக்கு முன்பே, 2004-இல், ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று தோளுக்கான 16 கேள்வித்தாள்களைத் தேடி எடுத்துப் பரிசோதித்தது. ஒட்டுமொத்தத்தில் டேஷ் முன்னணியில் நின்றது. ஆனால் எல்லாப் பண்புகளிலும் தேறியது ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவற்றில் கிடைத்த மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற விளக்கமே போதுமானதாக இல்லை. அத்தனையும் அப்போது மருத்துவமனைகளிலும் ஆய்வுகளிலும் புழக்கத்தில் இருந்தவை.

தமிழ் நோயாளியின் கையில்

ஸ்பாடிக்குத் தமிழ் வடிவம் உண்டு. அதன் நம்பகத்தன்மையையும், அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பதையும் பரிசோதித்த ஆய்வு 2012-இல் ஹாங்காங் பிசியோதெரபி ஆய்விதழில் வந்தது. மூலத் தாளை 1991-இல் வெளியிட்ட கேத்ரின் ரோச்சும் அந்த ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர்.

ஒரு தாளை இன்னொரு மொழிக்குக் கொண்டுவர 2000-இல் வகுத்த நெறிமுறை இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிய பின், மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் அதைத் திரும்பவும் மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும். நிபுணர் குழு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாக 30, 40 நோயாளிகளிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டறிய வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் உயிர்நாடி.

காரணம், தோள் செய்யும் வேலை ஊருக்கு ஊர் வேறு. நம் வீடுகளில் தோள்வலி முதலில் தெரிவது எங்கே? பின்னல் போட்டுக் கொண்டை முடியும்போது. முந்தானையைத் தோளில் போட்டு ஊக்கு குத்தும்போது. பிழிந்த துணியைக் கொடியில் உதறிப் போடும்போது. டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது. பைக்கை இழுத்து சென்டர் ஸ்டாண்ட் போடும்போது. கோயிலில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடும்போது. இவற்றில் ஒன்றுகூட ஸ்பாடியின் 13-இல் இல்லை. பின்பாக்கெட் கேள்வி தனக்குப் பொருந்தாது என்று ஒரு பெண் விட்டுவிட்டால், மீதிக் கேள்விகளுக்கு மட்டும் கணக்குப் போட விதியில் இடம் உண்டு. நம் நோயாளியின் 62.5 அப்போது 63.6 ஆகும். எண்ணில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் முதுகின் பின்பக்கம் கையைக் கொண்டுபோகும் அசைவைப் பற்றி, முதுகு தேய்க்கும் கேள்வி ஒன்றுதான் அவரிடம் மிஞ்சுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் ஃப்ரோசன் ஷோல்டரில் இறுகிப்போகும் அசைவுகளில் அந்த அசைவும் ஒன்று.

கேட்கும் முறையும் பதிலை மாற்றும். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியவருக்குப் பணியாளர் தாளைப் படித்துக் காட்டுவார். “பத்துக்கு எவ்வளவும்மா?” என்றால், “என்னத்த சொல்றது சார், இப்போ தேவலை” என்று பதில் வரும். மருத்துவர் மனம் கோணக் கூடாது என்ற மரியாதையும் அதில் கலந்திருக்கும். தானே நிரப்பும் தாளுக்குச் செய்த சோதனை, வாயால் கேட்டு நிரப்பும் தாளுக்குத் தானாகப் பொருந்தாது. அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

அதற்காக இருக்கிற தாள்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஸ்பாடியும் டேஷும் ஆக்ஸ்ஃபர்டும் நோயாளியின் குரலை மருத்துவக் கணக்குக்குள் கொண்டுவந்தன. அது பெரிய காரியம். ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள பிசியோதெரபி, எலும்பு மருத்துவ மாணவர்கள் இன்னொரு தாளுக்கு இன்னொரு ஆல்ஃபா கணக்கிடும் முன், தோள்வலியோடு வரும் ஐம்பது பேரிடம் உட்கார்ந்து, “உங்களால எது முடியல?” என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பட்டியலையும் கையிலிருக்கும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நமக்கான அளவுகோல் அங்கேதான் தொடங்கும்.

நீங்கள் நோயாளியாக இருந்தால், இப்படி ஒரு தாள் கையில் வரும்போது முடிந்தவரை நீங்களே நிரப்புங்கள். இன்றைய வலியை மட்டும் நினைக்காமல், தாள் குறிப்பிடும் காலம் முழுவதையும் நினைத்துப் பதில் சொல்லுங்கள். பொருந்தாத கேள்விக்கு ஏதோ ஓர் எண்ணைப் போடாமல், பொருந்தாது என்றே எழுதுங்கள். உங்களுக்கு முடியாத வேலை தாளில் இல்லையென்றால் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். போன தடவை மதிப்பெண் என்ன, இந்தத் தடவை என்ன, அந்த வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வலிக்குப் போட்ட மதிப்பெண்ணின் விளக்கத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.